சத்தமில்லாத புதன்கிழமை

டீச்சர் எந்தப் பள்ளிக்கூடத்திலும் பாடம் எடுத்தவளில்லை. கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். இருபத்திரண்டு வருடமாக அதே பயிற்சி நிலையம், அதே பக்கத்து இருக்கை, காலுக்கடியில் தனக்கென்று ஒரு பிரேக். ஆனால் அந்தப் பிரேக்கைவிட அவள் அதிகம் நம்பியது தன் தொண்டையைத்தான். "நிறுத்து!" என்று ஒரு சத்தம் போட்டால் காருக்குள் இருப்பவர் மட்டுமில்லை, தெருவைக் கடக்கிறவரும் நின்றுவிடுவார்.

அந்தத் தொண்டைக்குப் புதிய வேலை ஒன்றைக் கண்டுபிடித்துக் கொடுத்தது மூலைக்கடை பப்பின் முதலாளியம்மா. அவளும் டீச்சரிடம் கார் ஓட்டப் படித்தவள்தான். மற்ற நாளெல்லாம் கூட்டம் அலைமோத, புதன்கிழமை சாயங்காலம் மட்டும் கடை ஈ ஓட்டிக்கொண்டிருந்த சமயம் அது.

"அக்கா, வாரா வாரம் குவிஸ் வைக்கலாம்னு இருக்கேன். கேள்வி எழுத யாராவது கிடைப்பாங்க. ஆனா இந்தக் கடை இரைச்சலுக்கு மேல கத்துறதுக்கு உங்களை விட்டா எனக்கு ஆள் தெரியாது."

பாராட்டா கிண்டலா என்று டீச்சருக்குப் பிடிபடவில்லை. ஆனாலும் சரி என்றாள். கேள்விகளையும் தானே எழுதினாள். எட்டு வருடம் ஓடிவிட்டது. புதன்கிழமை ஏழு மணி, ஒன்பது மேசை, முப்பத்தாறு நாற்காலி, ஐந்து சுற்று, சுற்றுக்குப் பத்துக் கேள்வி. ஜெயிக்கும் மேசைக்கு ஒரு நசுங்கிய பித்தளைக் கோப்பை. அதையும் அடுத்த வாரம் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். கரும்பலகையில் மதிப்பெண் எழுதுவது டீச்சரின் வீட்டுக்காரர். அவர் கோட்டு தைக்கும் தையல்காரர். நாள் முழுக்க வாயில் குண்டூசியைக் கவ்விக்கொண்டிருக்கும் தொழில் என்பதாலோ என்னவோ, குண்டூசி இல்லாத நேரத்திலும் வாயைத் திறக்க மாட்டார். வீட்டில் இரண்டு பேருக்கும் சேர்த்து டீச்சரே பேசிக்கொண்டிருந்தாள்.

முதல் வாரம் வாங்கிய மைக் மேசை இழுப்பறைக்குள்ளேயே கிடந்தது. குளிர்பெட்டி, ஐஸ் மெஷின், புகைபோக்கி விசிறி, மூலையில் ஓயாமல் இசை போடும் விளையாட்டு மெஷின், இதற்கெல்லாம் நடுவே முப்பத்தாறு பேரின் பேச்சு. எல்லாவற்றுக்கும் மேலே ஏறி நின்றது டீச்சரின் குரல்.

அந்தக் குரலோடு மல்லுக்கு நின்றவர் ஒரே ஒருவர். லிஃப்ட் மெக்கானிக். ஜன்னலோர மேசை அவருடையது. தீர்ப்பு தனக்குப் பாதகமாக வந்தால் உடனே எழுந்து நின்று "ஆட்சேபணை!" என்பார். அதனால் அவருக்கு 'அப்பீல்' என்று பெயர் விழுந்து, சொந்தப் பெயர் அவருக்கே மறந்துபோகும் நிலைக்கு வந்துவிட்டது. இரண்டு வருடத்துக்கு முன்னால், சதுரங்கப் பலகையில் எத்தனை சதுரங்கள் என்று டீச்சர் கேட்டாள். அறுபத்து நான்கு என்று எல்லாரும் எழுதினார்கள். அப்பீல் மட்டும் இருநூற்று நான்கு என்று எழுதினார். ரெண்டுக்கு ரெண்டு, மூணுக்கு மூணு என்று பெரிய சதுரங்களையும் எண்ண வேண்டும் என்று கைகால் ஆட்டி விளக்கினார். "கட்டத்தை எண்ணச் சொன்னா கதை சொல்றீங்க, உக்காருங்க" என்று டீச்சர் ஒரு போடு போட்டாள். கடையே சிரித்தது. அப்பீல் உட்கார்ந்தார். அதற்கப்புறம் அவர் டீச்சருக்கு வணக்கம் சொல்வதை நிறுத்திவிட்டார். வருவதை மட்டும் நிறுத்தவில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் வீட்டுக்காரர் அவளுக்கு ஒரு புதுக் கோட்டு தைக்க அளவெடுத்தார். கழுத்தைச் சுற்றி நாடாவைப் போட்டவர், எடுக்காமல் அப்படியே நின்றார்.

"போன வருஷம் பதிமூணே கால். இப்ப பதிமூணே முக்கால்."

"தின்னு தின்னு பெருத்துட்டேன்னு சொல்றீங்களா?"

"பெருத்தா ரெண்டு பக்கமும் பெருக்கணும். இது ஒரு பக்கம்தான் இருக்கு."

அவர் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியதே டீச்சருக்குப் போதுமானதாக இருந்தது. மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ஊசி போட்டுச் சோதித்த டாக்டரம்மா, ஒரு காகிதத்தில் தொண்டையை வரைந்து காட்டினாள். கட்டி நல்ல கட்டி இல்லை. ஆனால் சீக்கிரமே வந்துவிட்டீர்கள், முழுசாக எடுத்துவிடலாம். ஒரே சங்கடம், அது குரல் நரம்போடு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

"உசிரு இருந்தா போதும் டாக்டர். குரலை வெச்சு நான் என்ன கச்சேரியா பண்ணப் போறேன்" என்றாள் டீச்சர். சொல்லும்போது தைரியமாகத்தான் இருந்தது.

கட்டி போனது. கூடவே குரலும் போனது. கண் விழித்துத் தண்ணீர் கேட்க வாயைத் திறந்தால் வெறும் காற்றுதான் வந்தது. அந்தக் காற்றுக்குள் காதைக் கொண்டுபோய் வைத்தால் ஏதோ சொல் இருப்பது போலத் தெரியும், அவ்வளவுதான். நரம்பு தானாகத் தேறலாம், ஆறு மாதம் ஆகலாம், ஒரு வருடம் ஆகலாம், தேறாமலும் போகலாம் என்றாள் டாக்டரம்மா.

உயிர் மிஞ்சியதற்கு டீச்சர் தினமும் மனசுக்குள் நன்றி சொன்னாள். அதில் பொய்யில்லை. ஆனால் எட்டாவது வாரம் வேலைக்குத் திரும்பிய அன்று, பயிற்சிக் காரில் ஏறி உட்கார்ந்ததும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பிறகு ஒரு வழி கண்டுபிடித்தாள். முன்பலகையில் விரலால் ஒரு தட்டு தட்டினால் இடது பக்கம், இரண்டு தட்டினால் வலது பக்கம், கையை விரித்து அறைந்தால் பிரேக். நாற்பது வயதில் கார் பழக வந்த ஒரு கணக்காளர், பாடம் முடிந்து இறங்கும்போது தயங்கித் தயங்கிச் சொன்னார்: "தப்பா எடுத்துக்காதீங்க டீச்சர். முன்னாடி நீங்க 'நிறுத்து'ன்னு கத்துனா, பயத்துல பிரேக்குக்குப் பதிலா ஆக்சிலேட்டரைத்தான் மிதிப்பேன். இப்பதான் கார் ஓட்டவே வருது."

டீச்சர் சத்தமில்லாமல் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

ஆனால் பப்புக்குப் போக மட்டும் அவளுக்கு மனசு வரவில்லை. காரில் ஒரு ஆள், ஒரு சாண் தூரம். அங்கே முப்பத்தாறு பேர். கேள்விகளை எழுதி வீட்டுக்காரரிடம் கொடுத்தனுப்பினாள். அவர் மறுக்கவில்லை, மறுப்பதற்கும் பேச வேண்டுமே. முதல் கேள்வியை எழுந்து நின்று கண்ணை மூடிக்கொண்டு வாசித்தார்:

"ஆக்டோபஸுக்கு எத்தனை இதயம் மூணு."

கடையே சிரிப்பில் வெடித்தது. பாவம் மனுஷன், இரண்டாவது கேள்வியில் ரொம்ப ஜாக்கிரதையாக இருந்தார். பதிலை முதலில் வாசித்துவிட்டார். அந்த வாரம் ஒன்பது மேசையும் முதல் பரிசு வாங்கியது. வீட்டுக்கு வந்து வேர்வையைத் துடைத்துக்கொண்டு, "இனிமே என்னால ஆகாதும்மா, நூறு கோட்டு தைக்கச் சொல்லு தைக்கிறேன்" என்றார்.

அடுத்த வாரம் முதலாளியம்மா போனில் ஏதோ ஒரு செயலியை இறக்கி, அதையே கேள்வி கேட்க வைத்தாள். அந்த இயந்திரக் குரலுக்கு நிறுத்தவும் தெரியவில்லை, மூச்சு வாங்கவும் தெரியவில்லை. அப்பீல் எழுந்து "ஆட்சேபணை" என்றபோது அது பாட்டுக்கு அடுத்த கேள்விக்குப் போய்விட்டது. அவர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, "எதுத்துப் பேச ஆளே இல்லாம இது என்ன போட்டி?" என்று எழுந்து போனாராம். அதற்கடுத்த புதன்கிழமை மூன்று மேசைதான் நிறைந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டீச்சர் வீட்டு அழைப்பு மணி அடித்தது. வாசலில் அப்பீல். எட்டு வருடத்தில் அந்த வீட்டுப் படியை மிதிக்காதவர், குளித்துத் தலைசீவி, சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு நின்றார். உள்ளே வந்தவருக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. வீட்டுக்காரர் தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, ஏனோ அவசரமாகத் தையல் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

"டீச்சர், இந்தப் புதன்கிழமை நீங்க வரணும்."

டீச்சர் தொண்டையைத் தொட்டுக்காட்டினாள். பிறகு நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, "முன் மேசைக்கே கேக்காது" என்றாள்.

"மைக்?"

"வீட்டுக்குக் கொண்டுவரச் சொல்லிப் போட்டுப் பாத்தேன். புஸ்ஸு புஸ்ஸுன்னு காத்துதான் பெருசாக் கேக்குது."

அப்பீல் தேநீரை ஒரு மிடறு குடித்தார். "நான் லிஃப்ட் வேலை பாக்குறவன். எங்க பழுதுன்னு கண்ணால பாக்க முடியாது, காதாலதான் கண்டுபிடிக்கணும். எட்டு வருஷமா அந்தக் கடையில உக்காந்திருக்கேன். என்னென்ன சத்தம் எங்கெங்கேருந்து வருதுன்னு எனக்கு அத்துப்படி. உங்க குரலை ஏத்த என்னால முடியாது. மத்ததை இறக்க முடியும்."

பதில் சொல்ல வாயைத் திறந்த டீச்சரிடமிருந்து இரண்டு வருடமாக உள்ளே கிடந்த வேறொன்றுதான் வெளியே வந்தது.

"இருநூத்தி நாலு."

"என்னது?"

"சதுரங்கப் பலகை. நீங்க சொன்னதுதான் சரி. அன்னிக்கு வீட்டுக்கு வந்ததும் காகிதத்துல கட்டம் போட்டு எண்ணிப் பாத்தேன்."

அப்பீல் கோப்பையைக் கீழே வைத்தார். "அன்னிக்கேவா? அப்ப ரெண்டு வருஷமா ஏன் சொல்லலை?"

"வாய் வரலை" என்றாள் டீச்சர். கொஞ்சம் விட்டு, "இப்ப வாய் போனப்புறம் வருது" என்றாள்.

அப்பீல் மீதித் தேநீரை ஒரே மடக்கில் குடித்தார். "ஏழு மணிக்கு முன்னாடியே வந்துடுங்க" என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, திரும்பி நின்று, "வணக்கம் டீச்சர்" என்றார்.

புதன்கிழமை டீச்சர் போகப்போவதில்லை என்று மூன்று தடவை முடிவெடுத்தாள். மூன்று தடவையும் வீட்டுக்காரர் அவளுடைய புதுக் கோட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றார். கடைசியில் அந்தக் கோட்டுக்காகவே புறப்பட்டாள். கழுத்துத் தழும்பு மறையும்படி காலரைக் கொஞ்சம் உயர்த்தித் தைத்திருந்தார்.

பப்பில் ஒன்பது மேசையும் நிறைந்திருந்தது. அவள் உள்ளே நுழைந்ததும் யாரும் கைதட்டவில்லை, ஓடிவந்து நலம் விசாரிக்கவில்லை. தலையை மட்டும் அசைத்தார்கள். முதலாளியம்மா கல்லாவுக்குப் பின்னாலிருந்து உதட்டில் விரலை வைத்துக் காட்டிவிட்டு அப்பீலைப் பார்த்தாள்.

அப்பீல் எழுந்தார். இடுப்பில் வேலைக்குப் போகும்போது கட்டும் தோல் பை. சமையலறைப் பக்கம் போய்ப் புகைபோக்கி விசிறியை நிறுத்தினார். ஐஸ் மெஷின் ஒரு முக்கல் முக்கி ஓய்ந்தது. பின்பு விளையாட்டு மெஷின். இசை பாதியில் அறுந்தது. குளிர்பெட்டிக்கு அடியில் குனிந்து எதையோ அழுத்தினார். இவ்வளவு நாளும் அப்படி ஒரு உறுமல் இருந்தது என்பதே அது நின்றபோதுதான் எல்லாருக்கும் தெரிந்தது. கடைசியாகக் கூரையை அண்ணாந்து பார்த்து, ரீங்கரித்துக்கொண்டிருந்த இரண்டு குழல் விளக்குகளை அணைத்தார். மேசைகளில் இருந்த சின்ன விளக்குகள் மட்டும் எரிந்தன.

யாரோ நாற்காலியை முன்னால் இழுத்தார்கள். கிறீச்சென்று வரவேண்டிய சத்தம் வரவில்லை. டீச்சர் குனிந்து பார்த்தாள். நாற்காலியின் ஒவ்வொரு காலுக்கும் சாம்பல் நிறக் கம்பளித் துணியில் ஒரு உறை, குழந்தைக்குக் காலுறை மாட்டியது மாதிரி. பக்கத்து நாற்காலிக்கும். அதற்கடுத்ததற்கும். முப்பத்தாறு நாற்காலி, நூற்று நாற்பத்து நான்கு கால். மிச்சமான கோட்டுத் துணி அது. ஓரத்தில் போட்டிருந்த பொடித் தையலை அவள் எங்கே பார்த்தாலும் அடையாளம் கண்டுகொள்வாள். பத்து நாளாகத் தையல் அறைக் கதவு ஏன் சாத்தியிருந்தது என்று இப்போது புரிந்தது. கரும்பலகை ஓரத்தில் சாக்பீஸோடு நின்றவரை நிமிர்ந்து பார்த்தாள். அவர் தரையில் எதையோ தேடுவதுபோலப் பாவனை செய்தார்.

டீச்சர் கோட்டுக் காலரைச் சரிசெய்துகொண்டாள். நடுவில் போய் நின்று, காகிதத்தைப் பிரித்து, முதல் கேள்வியைக் கேட்டாள்.

"எந்தக் கோள்ல ஒரு வருஷத்தைவிட ஒரு நாள் நீளம்?"

முப்பத்தாறு பேரும் முன்னால் சாய்ந்திருந்தார்கள். கடைசி மேசையில் பிரசவ வார்டு நர்சுகள் நான்கு பேர். அவர்களில் ஒருத்தி கட்டை விரலை உயர்த்திக் காட்டினாள். கேட்டுவிட்டது.

பிறகு டீச்சர் அந்தக் கடையில் எட்டு வருடமாகக் கேட்டிராத சத்தங்களைக் கேட்டாள். காகிதத்தில் பென்சில்கள் ஊர்ந்தன. வெளியே லேசான தூறல் ஜன்னலைத் தொட்டது. சுவரோர மேசையில் அண்ணன் தம்பி இருவர், வாராவாரம் வருகிறவர்கள். அவர்கள் கேள்வியைப் பற்றித்தான் பேசுவதாக நினைத்திருந்தாள். "உனக்கு முட்டிவலி எப்படி இருக்கு?" என்று அண்ணன் கேட்டான். "பரவாயில்லை. அம்மா இருந்திருந்தா இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியிருப்பாங்க" என்றான் தம்பி. தன் குரலுக்கு அடியில் இத்தனையும் நடந்துகொண்டிருந்ததா என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

சுற்று முடிந்து பதில்களைச் சொன்னாள். "முதல் கேள்விக்கு வெள்ளி."

ஜன்னலோரத்தில் ஒரு உருவம் எழுந்து நின்றது. எல்லாரும் திரும்பினார்கள். அப்பீல் வாயருகே கையைக் குவித்து, அவளைப் போலவே காற்றுக் குரலில், "ஆட்சேபணை" என்றார்.

கடை மொத்தமும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கியது.

"தன்னைத்தானே ஒரு சுத்து சுத்துற கணக்கைப் பாத்தா சரி. ஆனா ஒரு உதயத்துலேருந்து அடுத்த உதயம் வரைக்கும் ஒரு நாள்னு எண்ணினா, வெள்ளியிலயும் வருஷம்தான் நீளம்."

டீச்சர் யோசித்தாள். அவளுக்கு அது தெரியாது. தெரியாததை மறைக்க முன்பெல்லாம் எவ்வளவு குரல் தேவைப்பட்டது என்று நினைத்துக்கொண்டாள்.

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். கேள்வி தப்பு. எல்லா மேசைக்கும் ஒரு மதிப்பெண்."

அவர் உட்கார்ந்தார். நர்சுகள் சத்தம் வராமல் கைதட்டினார்கள்.

நான்காவது வாரம் புதிதாக ஒரு ஜோடி வந்து கதவருகே தயங்கி நின்றது. பக்கத்துச் சாவிக் கடைக்காரரும் அவர் மனைவியும். பதினோரு வருடமாகச் சுவருக்குச் சுவர் இருந்தும் அவர்கள் பப்புக்குள் வந்ததே இல்லை. ஆசாரக்காரர்கள் போலிருக்கிறது என்று எல்லாரும் விட்டுவிட்டிருந்தார்கள். இருவருக்கும் ஒரு சின்ன மேசையைப் போட்டார்கள். முடிந்ததும் சாவிக் கடைக்காரர் டீச்சரிடம் வந்தார். இரண்டு காதிலும் கருவி.

"சாவி அறுக்கிற மெஷின் சத்தத்துலயே காது போயிடுச்சு டீச்சர். இந்தக் கருவி இருக்கே, இதுக்கு எல்லாச் சத்தமும் ஒண்ணுதான். ஹோட்டலுக்குப் போனாலும் கல்யாண வீட்டுக்குப் போனாலும் ஒரே இரைச்சல். எதிர்ல உக்காந்திருக்கிற இவ என்ன பேசுறான்னே தெரியாது. அதனால வெளிய போறதையே விட்டுட்டோம்." அவர் மனைவியைப் பார்த்தார். "இன்னிக்கு ரெண்டு மணி நேரம் இவ என்னைத் திட்டுனது ஒரு வார்த்தை விடாம கேட்டுச்சு."

"மூணாவது கேள்விக்குத் தப்பா எழுதுனா திட்டாம கொஞ்சுவாங்களா?" என்றாள் மனைவி. சொல்லிவிட்டு டீச்சரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "ரொம்ப நன்றிங்க."

டீச்சர் கையை விடுவித்துக்கொள்ளவில்லை. அப்படியே அந்த அம்மாவை அழைத்துக்கொண்டு போய் ஒவ்வொருவராகக் காட்டினாள். "இவர் விசிறியை நிறுத்துனவர். இவ கடையைக் கொடுத்தவ. அந்த நாலு பேரும், கேட்டுச்சுன்னு முதல்ல எனக்குச் சொன்னவங்க. அதோ, பலகையைத் துடைச்சுக்கிட்டு நம்மளைப் பாக்காத மாதிரி நிக்கிறாரே, அவர் எங்க வீட்டுக்காரர். என் கழுத்தை அளந்தவர். அவருக்குச் சொல்லுங்க, அவருக்குத்தான் முதல்ல சொல்லணும்."

ஆபரேஷன் முடிந்த பத்தாவது மாதம் டீச்சருக்குக் குரல் வந்தது. பழைய குரலில்லை, மரக்கதவைச் சரளையில் இழுத்ததுபோல ஒரு கரகரப்பு. ஆனாலும் குரல்தான். செய்தி தெரிந்ததும் முதலாளியம்மா அவளைக் கட்டிப்பிடித்து ஒரு மூச்சு அழுதுவிட்டுக் கேட்டாள்: "அப்ப புதன்கிழமை மெஷினையெல்லாம் இனிமே ஓட விடலாமாக்கா?"

டீச்சர் கடையைச் சுற்றிப் பார்த்தாள். சாவிக் கடைக்காரரும் மனைவியும் முன்னதாகவே வந்து, பென்சிலைச் சீவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"வேண்டாம்மா" என்றாள், பழகிவிட்ட அந்தக் கிசுகிசுப்பிலேயே. "இப்படியே இருக்கட்டும்."

அன்றைக்குச் சாவிக் கடை மேசை பத்தில் ஏழாவதாக வந்தது. அதுவரை அவர்கள் வந்ததிலேயே உயர்ந்த இடம் அது. கணவனும் மனைவியும் எழுந்து நின்று கை குலுக்கிக்கொண்டார்கள். பிறகு அறையில் இருந்த ஒருவரையும் விடாமல், மேசை மேசையாகப் போய் எல்லாருக்கும் கை கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்பினார்கள்.